ஷட்டில் பேட் வாங்கப் போறீங்களா? முழங்கையைக் கேட்டுட்டு வாங்குங்க!

'தினமும் நாற்பது நிமிஷம் வாக்கிங் போங்க' என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். நாமும் புது ஷூ எல்லாம் வாங்கிக்கொண்டு ஜோராகக் கிளம்புகிறோம். ஒரு வாரம்... பத்து நாள்... அப்புறம் அலுத்துப் போகிறது. அதே தெரு, அதே நாய், அதே குப்பைத் தொட்டி. எத்தனை நாளைக்குத்தான் பார்ப்பது?

அந்த நேரம் பார்த்து ஒரு நண்பர், 'ஷட்டில் ஆட வாங்களேன் ஸார். ஒரு மணி நேரம் போறதே தெரியாது' என்று கூப்பிடுவார். நல்ல யோசனைதான். உடம்பு வியர்க்கும், மூச்சு வாங்கும், நாலு பேரோடு சிரித்துப் பேசலாம். ஆனால், 'ஸார், பேட் மட்டும் சொந்தமா வாங்கிடுங்க' என்பார் பாருங்கள், அங்கேதான் ஆரம்பிக்கிறது வம்பு!

எனக்குத் தெரிந்த ஒரு பாங்க் அதிகாரி இப்படித்தான் கிளம்பினார். வயது நாற்பத்து நான்கு. சர்க்கரை 'பார்டர் லைன்'. கடைசியாக அவர் ஷட்டில் ஆடியது காலேஜ் ஹாஸ்டலில். நேராக ஒரு ஸ்போர்ட்ஸ் கடைக்குப் போனார். 'இருக்கறதுலயே நல்லதா ஒண்ணு குடுங்க' என்றார். அந்த வார்த்தைதான் வினை!

'இது சாம்பியன்ஸ் ஆடற மாடல் ஸார். கட் நல்லா டைட்டா, 28 பவுண்டு போட்டுத் தர்றேன். ஸ்மாஷ் அடிச்சீங்கன்னா எதிர்ல நிக்கறவர் ஓடிடுவார்' என்றார் கடைக்காரர். எட்டாயிரம் ரூபாய். வீட்டில் நாலாயிரம் என்று சொல்லிச் சமாளித்தார்.

மூன்றாவது வாரம், காலையில் காபி டம்ளரைத் தூக்கினால் முழங்கையில் சுரீர் என்றது. 'ஏங்க, டம்ளரைப் போய் ரெண்டு கையால பிடிக்கறீங்க?' என்று மனைவி கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பிசியோதெரபிஸ்ட் கையை அழுத்திப் பார்த்தார். நாலைந்து கேள்வி கேட்டார். கடைசியில், 'நாளைக்கு வரும்போது பேட்டையும் எடுத்துட்டு வாங்க ஸார்' என்றார். மறுநாள் பேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: 'பேட்ல ஒரு குறையும் இல்லை ஸார். ஆனா, இது உங்களுக்கான பேட் இல்லை!'

இது பலருக்குப் புரியாத சூட்சுமம். புடவையில் விலை கூடினால் தரம் கூடும். மிக்ஸியிலும் ஓரளவு அப்படித்தான். ஷட்டில் பேட்டில் அந்தக் கணக்கு செல்லாது. எட்டாயிரம் ரூபாய் பேட் என்பது இரண்டாயிரம் ரூபாய் பேட்டைவிட நாலு மடங்கு நல்ல பேட் அல்ல. அது வேறு ஒரு ஆளுக்காகச் செய்த பேட். பத்து வருஷம் ஆடி, தோளும் மணிக்கட்டும் முறுக்கேறிய ஆளுக்கு! நேற்றுவரை ஃபைல் பார்த்துக்கொண்டிருந்த கைக்கு அது உபத்திரவம்.

ஏன் முழங்கை?

ஷட்டில் பெரும்பாலும் மணிக்கட்டிலும் முன்கையிலும் ஆடுகிற ஆட்டம். மணிக்கட்டைப் பின்பக்கமாகத் தூக்குகிற தசைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, முழங்கையின் வெளிப்பக்கம் இருக்கிற சின்ன எலும்பு மேட்டில் போய் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கையை மடக்கித் தடவிப் பாருங்கள், தட்டுப்படும். பேட்டை இறுக்கிப் பிடிக்கும்போதும், அடிக்கும்போது வருகிற அதிர்விலும் வேலை கூடுவது அந்த ஒரு இடத்துக்குத்தான். தினமும் இது தொடர்ந்தால் அங்கே தசைநாண் நைந்துபோகிறது. இதற்குப் பெயர்தான் 'டென்னிஸ் எல்போ'. சச்சின் டெண்டுல்கரை 2004-ல் உட்கார வைத்து, 2005-ல் ஆபரேஷன் வரை கொண்டுபோன அதே நோய். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும், துணி பிழிந்து பிழிந்தே இது வருவதுண்டு. முப்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதில்தான் அதிகம்.

நன்றாக ஆடுகிறவர் பேட்டை லேசாகத்தான் பிடித்திருப்பார். பந்து படுகிற அந்த ஒரு கணம் மட்டும் விரல்களை இறுக்குவார். அடியும் நடு நரம்பில் விழும். நாம்? உலக்கையைப் பிடிப்பது மாதிரி முதலிலிருந்து கடைசிவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்போம். பத்து அடியில் ஆறு அடி ஓரத்தில்தான் படும். ஓரத்தில் படுகிற அடியின் அதிர்வு நேராகக் கைக்கு வரும். அந்த அதிர்வைக் குறைத்துக் கொடுக்கிற பேட்தான் நமக்கு வேண்டியது.

சரி, கடைக்குப் போவோம்.

முதலில் எடை. பேட்டின் கைப்பிடிக்குப் பக்கத்தில் 3U, 4U, 5U என்று ஏதாவது எழுதியிருக்கும். இது ஏதோ மாடல் நம்பர் என்று நினைத்துக்கொள்வார்கள். இல்லை, எடை! 3U என்றால் 85-லிருந்து 89 கிராம். 4U என்றால் 80-லிருந்து 84. 5U என்றால் 75-லிருந்து 79. நம்பர் ஏற ஏற எடை இறங்கும். புதிதாக ஆடுகிறவர்களுக்கு 4U போதும். பெண்களுக்கும், தோள்வலி, கைவலி என்று ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் 5U நல்லது. 'அஞ்சு கிராம்ல என்ன ஸார் வந்துடப் போகுது?' என்று கேட்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான தடவை வீசப் போகிறீர்களே!

எடையைவிட முக்கியம், அந்த எடை எங்கே இருக்கிறது என்பது. பேட்டின் தண்டை ஆள்காட்டி விரல் மேல் தராசு மாதிரி படுக்க வையுங்கள். எந்த இடத்தில் ஆடாமல் நிற்கிறது என்று பாருங்கள். கைப்பிடியின் அடியிலிருந்து சுமார் 29 சென்டிமீட்டரில் நின்றால் அது நடுத்தரமான பேட். அதைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தலைப்பக்கம் தள்ளி நின்றால் 'ஹெட் ஹெவி', அதாவது தலைக்கனம் பிடித்த பேட். ஸ்மாஷ் அடிக்க அது சௌகரியம்தான். ஆனால், தலைக்கனத்தை ஒவ்வொரு தடவையும் தூக்கி நிறுத்துவது உங்கள் மணிக்கட்டு! ஆரம்பத்தில் நடுத்தரமே போதும். இந்த விரல் சோதனையைக் கடையில் செய்யக் கூச்சப்படாதீர்கள். தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோம். இதற்கு என்ன வெட்கம்?

அடுத்தது தண்டு. ஒரு கையால் கைப்பிடியையும், இன்னொரு கையால் தலையையும் பிடித்து மெதுவாக வளைத்துப் பாருங்கள். கொஞ்சம் வளைந்து கொடுக்கிறதா? நல்லது. இரும்புக் கம்பி மாதிரி விறைத்து நிற்கிறதா? அது வேகமாக வீசத் தெரிந்தவர்களுக்கானது. நம் வீச்சு மெதுவானது. தண்டு வளைந்து நிமிரும்போது அதுவே பந்தைத் தள்ளிவிட்டு நமக்கு உபகாரம் செய்யும். பேட்டின் மேலேயோ விவரத்திலேயோ 'ஃபிளெக்ஸிபிள்' அல்லது 'மீடியம்' என்று போட்டிருந்தால் எடுங்கள். 'ஸ்டிஃப்' என்றிருந்தால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

கைப்பிடி கனத்தில் ஒரு குழப்பம் உண்டு. G4, G5 என்று எழுதியிருக்கும். பல கம்பெனிகளில் நம்பர் கூடினால் கைப்பிடி ஒல்லி. சில கம்பெனிகளில் கணக்கே வேறு. ஆகவே நம்பரை நம்பாதீர்கள், கையை நம்புங்கள். ஒருவருக்குக் கை குலுக்குவது மாதிரி பேட்டைப் பிடியுங்கள். விரல் நுனி உள்ளங்கையில் போய்க் குத்தக் கூடாது. பிடிக்கவே விரல் எட்டாமலும் இருக்கக் கூடாது. சந்தேகமாக இருந்தால் ஒல்லியானதையே வாங்கிக்கொள்ளுங்கள். மேலே ஒரு கிரிப் சுற்றிக் கனமாக்கிக்கொள்ளலாம். குண்டான கைப்பிடியை இளைக்க வைக்க முடியாது! கிரிப்பில் கஞ்சத்தனமும் வேண்டாம். நம்மூர் வியர்வைக்கு அது சீக்கிரமே வழவழத்துப் போகும். வழுக்கினால் நாம் தானாகவே இன்னும் இறுக்கிப் பிடிப்போம். அப்புறம் அதே முழங்கைக் கதைதான்.

இனிமேல்தான் கடைக்காரர்களும் சக ஆட்டக்காரர்களும் நம்மைக் கவிழ்க்கிற இடம். கட், அதாவது நரம்பு!

நரம்பை எவ்வளவு இழுத்துக் கட்டுகிறார்கள் என்பதைப் பவுண்டில் சொல்வார்கள். பெரிய ஆட்டக்காரர்கள் 28, 30 பவுண்டு என்று கட்டிக்கொள்வதைக் கேட்டுவிட்டு, 'டைட்டா போட்டாத்தான் பவர்' என்று ஒரு நம்பிக்கை ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. நிஜம் நேர் எதிர். நரம்பு கொஞ்சம் தளர்வாக இருந்தால் பந்து அதில் அமுங்கி, கவண்கல் மாதிரி எகிறிப் போகும். நடுவில் படாத அடியும் ஓரளவு போய்ச் சேரும். இறுக்க இறுக்க, பந்தைக் குறிபார்த்து வைக்கிற கட்டுப்பாடு கூடும். ஆனால் வேகத்தை நாம்தான் கையால் கொடுத்தாக வேண்டும். கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது? ஆகவே 20-லிருந்து 22 பவுண்டு. அதற்கு மேல் ஒரு பவுண்டுகூட வேண்டாம். யார் என்ன கேலி செய்தாலும் சரி. நரம்பில் டென்ஷன் கூடினால் நமக்குத்தான் டென்ஷன்!

ஆரம்பத்தில் 0.70 மில்லிமீட்டர் நரம்பு போடச் சொல்லுங்கள். மெல்லிய நரம்பைவிட நாள்பட உழைக்கும். ஆடும்போது ஒரு நரம்பு அறுந்துவிட்டால், 'மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்கு' என்று அப்படியே வீட்டில் மாட்டி வைக்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டு ஃபிரேமே கோணிவிடும். உடனே கத்தரிக்கோல் எடுத்து நடுவிலிருந்து மற்ற நரம்புகளையும் வெட்டிவிட வேண்டும். மனசு கேட்காதுதான். என்ன செய்வது! அதே மாதிரி, வெயிலில் நிற்கிற காருக்குள்ளோ ஸ்கூட்டர் டிக்கியிலோ பேட்டைப் போட்டு வைக்காதீர்கள்.

எத்தனை ரூபாய் செலவழிக்கலாம்?

ஜோடி நானூறு ஐந்நூறு என்று ஜிப் உறையில் போட்டு விற்கிறார்களே, அந்த ஸ்டீல் பேட்கள் மொட்டை மாடியில் குழந்தைகளோடு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் தட்ட மட்டும் சரி. பெரும்பாலும் நூறு கிராமைத் தாண்டும். தலையும் தண்டும் தனித்தனியாகச் செய்து நடுவில் ஒட்டியிருப்பார்கள். அதிர்வு அப்படியே கைக்கு வரும். தினமும் ஒரு மணி நேரம் ஆட அது உதவாது. அலுமினிய ஃபிரேம் கொஞ்சம் மேல். முழுக்க கிராஃபைட் பேட் சுமார் 1,500 ரூபாயிலிருந்து 2,500 ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. லேசானது, வளைந்து கொடுப்பது, அதிர்வை ஓரளவு தாங்குவது. முதல் பேட்டுக்கு இதுதான் எல்லை. இன்னொரு காரணமும் உண்டு. டபுள்ஸ் ஆடும்போது 'எனக்கு, எனக்கு' என்று இரண்டு பேரும் பாய்ந்து பேட்டும் பேட்டும் மோதிக்கொள்வது புதியவர்களிடம் சகஜம். கிராஃபைட் கீறினால் முடிந்தது. மோதி உடைந்ததற்குப் பொதுவாக வாரண்டியும் தரமாட்டார்கள். உடைவது இரண்டாயிரமா எட்டாயிரமா என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்!

பெரிய கம்பெனி பெயர் போட்டுப் பாதி விலைக்கு வருகிறதா? டூப்ளிகேட்டாக இருக்கலாம். ஸ்டிக்கர், ஹாலோகிராம், பில் மூன்றையும் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினாலும் இதே ஜாக்கிரதை வேண்டும்.

மிச்சமான காசில் ஷூ வாங்குங்கள். நான் சும்மா சொல்லவில்லை. 5,000 ரூபாய் ஒதுக்கியிருந்தால் அதில் பேட்டுக்கு எவ்வளவோ அவ்வளவு ஷூவுக்கும் போக வேண்டும். வாக்கிங், ரன்னிங் ஷூக்களின் அடி தடிமனாக, குதிகால் உயர்ந்து இருக்கும். நேராகப் போவதற்கென்று செய்தவை அவை. ஷட்டிலில் பாதி நேரம் பக்கவாட்டில் பாய்கிறோம். அப்போது அந்த உயரமான குதிகால்தான் கணுக்காலைச் சுளுக்கவைக்கும். ஷட்டிலுக்கான ஷூவின் அடி தட்டையாக, ரப்பர் பிசின் மாதிரி தரையைப் பிடிக்கும். 'நான்-மார்க்கிங்' என்று கேட்டு வாங்குங்கள். இண்டோர் அரங்கங்களில் அதுவே சட்டம்.

ஷூவோடு இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நாற்பதுக்கு மேல் திடீரென்று ஆட வருகிறவர்கள், வார்ம்-அப் எதுவும் செய்யாமல் முன்னே பாய்ந்து, 'யாரோ பின்னாலிருந்து காலில் அடிச்ச மாதிரி இருந்தது' என்று உட்கார்ந்துவிடுவார்கள். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். குதிகாலுக்கு மேலே இருக்கிற பெரிய தசைநாண் அறுந்திருக்கும்! பத்து நிமிஷம் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளாமல் கோர்ட்டில் கால் வைக்காதீர்கள். பி.பி., சர்க்கரை, நெஞ்சு சம்பந்தமாக எது இருந்தாலும், பேட் கடைக்குப் போகுமுன் டாக்டரிடம் போங்கள்.

பந்து விஷயம் சுலபம். பதினாறு இறகு வைத்த பந்து அழகாகப் பறக்கும். ஆனால் நாம் ஓரத்தில் அடிக்கிற அடிக்கு ஒரு ஆட்டம்கூடத் தாங்காது. நைலான் பந்து போதும். அதன் கார்க்கைச் சுற்றி ஒரு கலர் பட்டை இருக்கும். பச்சை என்றால் மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். காற்று சூடாக இருந்தால் பந்து வேகமாகப் போகும். அதனால் நம் சமவெளி வெயிலுக்குப் பச்சை.

டபுள்ஸில் முன்னால் நிற்கிறவர், பின்னால் இருக்கிற கூட்டாளி அடிக்கிறாரா என்று திரும்பிப் பார்க்கவே கூடாது. கண்ணில் பந்து அடிபடுவது பல சமயம் அப்படித்தான் நடக்கிறது. கண்ணாடி போடுகிறவர்கள் சாதாரணக் கண்ணாடி லென்ஸோடு ஆடவேண்டாம். எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸ் கேளுங்கள்.

குழந்தைகளுக்கு?

2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் நம் தமிழ்நாட்டுப் பெண்கள் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாஸும் நித்யஸ்ரீ சிவனும் வெண்கலமும் வாங்கி வந்தார்கள். மூன்றுமே பாட்மின்டனில்! பார்த்துவிட்டு உங்கள் வீட்டுக் குழந்தையும் 'பேட் வேணும்' என்று கேட்கலாம். அப்பாவின் பேட்டைக் கொடுத்து 'வளர்ந்தா சரியாயிடும்' என்று சொல்லாதீர்கள். பெரியவர்கள் பேட் சுமார் 67 சென்டிமீட்டர். எட்டு வயசுப் பிள்ளைக்கு அது துடைப்பத்தால் பந்தடிப்பது மாதிரி. 'ஜூனியர்' என்று குட்டையான பேட்கள் இருக்கின்றன. கோச்சிங்கில் சேர்த்தால் அங்கே கேட்டு வாங்குவது உத்தமம். விலை உயர்ந்ததை வாங்கித் தந்தால் சீக்கிரம் கற்றுக்கொள்வான் என்பது நம் ஆசை. அவ்வளவுதான்.

ஏற்கெனவே வலி வந்துவிட்டதா? முழங்கையின் வெளிப்பக்கம் அழுத்தினால் வலி, தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகினால் வலி, துணி பிழிந்தால் வலி... இருந்தால் விளையாட்டை நிறுத்துங்கள். 'ஆட ஆட சரியாயிடும்' என்பது இதற்குப் பொருந்தாது. ஓய்வு, ஐஸ் ஒத்தடம், பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருகிற பயிற்சி என்று பொறுமையாக இருந்தால் பெரும்பாலும் சில மாதங்களில் தணியும். ஸ்டீராய்டு ஊசி போட்டால் வலி சட்டென்று குறையும். ஆனால் அப்படிக் குறைந்தது திரும்ப வருகிற வாய்ப்பும் அதிகம். டாக்டரிடம் இதைக் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள். கை மரத்துப் போனாலோ, முழங்கை வீங்கினாலோ தாமதிக்காமல் காட்டுங்கள்.

நம் பாங்க் அதிகாரி நாலு மாதம் கோர்ட் பக்கமே போகவில்லை. திரும்பப் போகும்போது கையில் 1,800 ரூபாய் பேட். 4U, வளைகிற தண்டு, 21 பவுண்டு. 'இப்போ முன்னைவிட நல்லா ஆடறேன் ஸார், அதான் அவமானமா இருக்கு' என்கிறார். பழைய எட்டாயிரம் ரூபாய் பேட்? பரணில் போட வேண்டாம் என்று நரம்பை வெட்டி 21 பவுண்டில் மாற்றிக் கட்டி, அரங்கத்தில் தினமும் ஆடுகிற ஒரு காலேஜ் பையனுக்கு மூவாயிரத்துக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பையன் மறுநாளே அதை 27-க்கு மாற்றிக் கட்டிக்கொண்டானாம். அவனுக்கு அது சரி!